சம்பா நடவு அலுப்பில் தூங்கிவிட்டால் இயேசுவின் இரண்டாம் வருகையில் கைவிடப்படுவேனா?

தூங்கியதற்காகக் கைவிடப்பட மாட்டீர்கள். நடவு முடிந்து வந்து படுத்தால் இரவு ஜெபம் தவறுகிறது என்கிறீர்கள். இயேசு சொன்ன உவமையில், விளக்கோடு மணவாளனுக்குக் காத்திருந்த பத்துக் கன்னிகைகளுமே தூங்கினார்கள் (மத்தேயு 25:5), புத்தியுள்ளவர்களும்தான்! வித்தியாசம் 4-ஆம் வசனத்தில்: புத்தியுள்ளவர்களிடம் விளக்குக்குத் தனிப் பாத்திரத்தில் எண்ணெய் இருந்தது.

13-ஆம் வசனத்தின் 'விழித்திருங்கள்' என்பதைக் கண்மூடாமல் இருப்பது என்று எடுத்துக்கொண்டதால்தான் இந்தப் பயம். ஆயத்தமாக இருப்பதே அதன் பொருள்.

யாக்கோபு 5:4-9 வாசித்துப் பாருங்கள். கர்த்தருடைய வருகைக்குக் காத்திருப்பவனை மழைக்குக் காத்திருக்கும் விவசாயியோடு ஒப்பிடும் அதே இடத்தில்தான், வயல் அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்த குற்றமும் வருகிறது. நாற்று நட்ட பெண்களுக்குக் கூலி பாக்கியா? வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பக்கத்து வயல்காரரோடு பேச்சு நின்றுவிட்டதா? முதலில் அதைத் தீருங்கள். ஜெபத்தை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எண்ணெய் எதைக் குறிக்கிறது என்று உவமை சொல்லவில்லை. சபைக்குச் சபை விளக்கம் மாறும். ஆனால் வருகைக்கு நாள் குறித்துச் சொல்பவரை நம்பாதீர்கள் (மத்தேயு 24:36).