ஏழு வாரம்: இப்போதே சொல்லலாமா?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் நியூக்ளியர் மெடிசின் (கதிரியக்க மருந்து கொடுத்துப் பரிசோதனையும் சிகிச்சையும் செய்யும்) பிரிவில் டெக்னாலஜிஸ்ட்டாக இருக்கிறேன். ஏழு வாரக் கர்ப்பம். காண்ட்ராக்ட் வேலை என்பதால், சொன்னால் அனுப்பிவிடுவார்களோ என்று பயம். மூன்று மாதம் போகட்டும் என்கிறாள் தோழி. வேலையையே விட்டுவிடு என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: முதலில் வாழ்த்துகள். வேலையை விட வேண்டாம்; மூன்று மாதம் காத்திருக்கவும் வேண்டாம். நாளைக்கே சொல்லிவிடுங்கள்.

மற்ற அலுவலகங்களில் வயிறு தெரியும்வரை சொல்லாமல் இருப்பது அவரவர் விருப்பம். உங்கள் இடத்தில் கதை வேறு. கதிர்வீச்சோடு வேலை செய்யும் தொழிலாளிக்கு ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சின் அளவு) வரை அனுமதி உண்டு. கர்ப்பம் தெரிந்த பிறகு பிரசவம் வரை சிசுவுக்கு 1 மில்லிசீவர்ட்தான். நீங்கள் சொல்லாதவரை உங்களை யாரும் அந்த 1-க்குள் வைத்துப் பார்க்கமாட்டார்கள். தெரிந்ததும் நிர்வாகத்துக்கும் ஆர்.எஸ்.ஓ.வுக்கும் (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி) தெரிவிக்க வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன.

இன்னொரு காரணம், தைராய்டு சிகிச்சைக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின்-131. அது நஞ்சுக்கொடியைத் தாண்டும். பத்து, பன்னிரண்டாவது வாரத்தில் சிசுவின் தைராய்டு அயோடினை இழுக்கத் தொடங்கிவிடும். மூன்று மாதம் என்று தோழி சொல்வது சரியாக அந்தக் கெடுவில் போய் முட்டுகிறது! எனவே கதிரியக்க மருந்து தயாரிக்கும் ஹாட் லேபில் அயோடின் டோஸ் பிரிப்பது, அயோடின் சிகிச்சை பெற்றவரின் அறைக்குள் போவது, சிந்தியதைத் துடைப்பது எல்லாம் இனி வேறு ஆள் செய்யட்டும். ஈய ஏப்ரன் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். எக்ஸ்ரேக்கு நன்றாகத் தாங்கும் அது, அயோடினின் காமா கதிருக்கும் பெட் (PET) ஸ்கேனுக்கு ஊசியில் போடும் கதிரியக்க ஃபுளோரினுக்கும் பெரிதாக உதவாது. தூரம்தான் உதவும்: இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கால் பங்குதான் வந்து சேரும். ஊசி போட்ட நோயாளியும் நடமாடும் கதிர்மூலம்தான். அவரைக் கைத்தாங்கலாகக் கட்டிலில் ஏற்றும் வேலையையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். கேமரா கன்சோல், தரச் சோதனைப் பதிவுகள் என்று செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது.

கழிந்த ஏழு வாரத்தை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். நீங்கள் அணியும் கதிர்வீச்சு அளவி பேட்ஜின் (டி.எல்.டி.) பழைய அறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உறுப்புக் குறைபாடு பற்றிய கவலை 100 மில்லிகிரே (இங்கே ஏறக்குறைய 100 மில்லிசீவர்ட்) அளவில்தான் தொடங்குகிறது. ஆனால் ஒன்று, பேட்ஜ் உங்கள் மார்பில் இருந்ததா, கோட் ஆணியில் தொங்கியதா? ஆணியில் தொங்கியிருந்தால் அது ஆணியின் கணக்கு! டி.எல்.டி. கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், அன்றன்றைக்கே அளவு காட்டும் பாக்கெட் டோசிமீட்டர் ஒன்றும் கேளுங்கள்.

வேலை விஷயம். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கர்ப்பத்தைத் தெரிவித்ததையே காரணமாக்கி வேலையிலிருந்து விலக்கக் கூடாது என்பது சர்வதேச அணுசக்தி முகமையின் பாதுகாப்புத் தரம். ஆர்.எஸ்.ஓ.வுக்கு இது தெரிந்திருக்கும். மாமியாரிடம் அந்த 1 மில்லிசீவர்ட்டைச் சொல்லுங்கள். உலகச் சராசரிப்படி மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒருவருக்கு ஆண்டுக்கு 2 மில்லிசீவர்ட்டுக்கு மேல் வந்துகொண்டேதான் இருக்கிறது.

அப்புறம், பால் கொடுக்கும் மாதங்களிலும் அயோடின் பக்கம் போக வேண்டாம். அதையும் இதே கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.