ஹெல்ப் டெஸ்க்கில் போன நான்கு வருடம் வீணா?

கேள்வி: கோவையில் ஒரு நிறுவனத்தில் நான்கு வருடமாக ஐடி ஹெல்ப் டெஸ்க்கில் இருக்கிறேன். பாஸ்வேர்ட் மாற்றித் தருவது, பிரின்டர் பார்ப்பது, புது லேப்டாப் தயார் செய்வது, இதுதான் வேலை. சைபர் செக்யூரிட்டிக்குப் போக ஆசை. "இந்த அனுபவம் கணக்கில் வராது, வேலையை விட்டுவிட்டு எதிக்கல் ஹேக்கிங் கோர்ஸில் சேருங்கள்" என்கிறார்கள் ஒரு பயிற்சி மையத்தில். சேரலாமா? – ஒரு வாசகி

பதில்: வேலையை விடாதீர்கள். பயிற்சி மையத்துக்காரருக்குக் கோர்ஸ் விற்றாக வேண்டும், அவர் கவலை அவருக்கு.

திங்கட்கிழமை காலையில் "அக்கவுன்ட் லாக் ஆயிடுச்சு" என்று எத்தனை பேர் கூப்பிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கூப்பிட்டவர் வெள்ளிக்கிழமை பாஸ்வேர்டை மாற்றியிருப்பார். போனில் இருக்கும் மெயில் பழையதை வைத்துக்கொண்டு விடாமல் முட்டிக்கொண்டிருக்கும். அக்கவுன்ட் லாக் ஆவது விண்டோஸில் 4740 என்ற எண்ணில் பதிவாகும். இதையே பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு, ஒரு நடுராத்திரியில் இருநூறு பேர் பெயரிலும் ஆளுக்கு ஒரே ஒரு 4625, அதாவது லாகின் தோல்வி, வரிசையாக விழுந்திருந்தால் உறுத்தும். ஒருவர் அக்கவுன்ட்டும் லாக் ஆகியிருக்காது. யாரோ ஒரே பாஸ்வேர்டை எல்லார் பெயரிலும் போட்டுப் பார்க்கிறார்கள். பாஸ்வேர்ட் ஸ்பிரேயிங் என்பது இதுதான். லாக் ஆகும் எல்லையைத் தொடாமல் நிற்பதில்தான் அதன் சூட்சுமம். எஸ்ஓசியில், அதாவது ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களில் தாக்குதல் நடக்கிறதா என்று கண்காணிக்கும் மையத்தில், முதல் நிலை அனலிஸ்ட்டுக்கு நாள் முழுக்க இப்படிப் பிரித்துப் பார்க்கிற வேலைதான்.

1986-ல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்த கிளிஃபர்ட் ஸ்டோல், படிப்பால் வானியல்காரர். கம்ப்யூட்டர் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் உதைக்கிறதே என்று தோண்டப்போனவர், மாதக்கணக்கில் விடாமல் துரத்தி, மேற்கு ஜெர்மனியிலிருந்து அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டர்களைத் துழாவிக்கொண்டிருந்த ஆள்வரை போனார். ஹேக்கிங் கோர்ஸ் எதுவும் அவர் படித்திருக்கவில்லை.

இன்னொன்று. ஊழியர் பெயரைச் சொல்லி ஹெல்ப் டெஸ்க்குக்கே போன் போட்டு, பாஸ்வேர்டை மாற்ற வைத்து உள்ளே நுழைவது இப்போது பெரிய கம்பெனிகளையே சாய்க்கிறது. அந்தப் போனை எடுக்கும் இடத்தில் இருப்பது நீங்கள். வேலையை விட்டுப் போனவரின் அக்கவுன்ட்டை அன்றே முடக்கியது, சந்தேக மெயில் புகார்களைப் பார்த்தது, கூப்பிட்டவர் யார் என்று சரிபார்த்த பிறகே பாஸ்வேர்ட் கொடுத்தது எல்லாமே செக்யூரிட்டி வேலைதான். ரெஸ்யூமேயில் "டிக்கெட் முடித்தேன்" என்பதற்குப் பதிலாக இவற்றை எழுதுங்கள்.

சரி, குறையும் இருக்கும். நெட்வொர்க்கும் லினக்ஸும் உங்களுக்குப் பலவீனமாக இருக்கலாம். கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் விதிகளான டிசிபி/ஐபி, இணையப் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் இரண்டையும் கசடறப் படியுங்கள். ஆபீஸ் நெட்வொர்க் டீமில் நல்ல அண்ணன் யாராவது இருந்தால் ஒட்டிக்கொள்ளுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இரண்டு விர்ச்சுவல் மெஷின் போட்டு, பதிவுகளைத் திரட்டிக் கண்காணிக்கும் வாஸூ (Wazuh) என்ற இலவச மென்பொருளை நிறுவி, நீங்களே தப்பான பாஸ்வேர்ட் அடித்து அது எப்படிப் பதிவாகிறது என்று பாருங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அனுமதி இல்லாமல் இந்த விளையாட்டு வேண்டாம், வேலை போய்விடும். அப்புறம் செக்யூரிட்டி பிளஸ் மாதிரி அடிப்படைச் சைபர் செக்யூரிட்டி சான்றிதழ்த் தேர்வு ஒன்று எழுதினால் போதும்.

எஸ்ஓசி முதல் நிலையில் பெரும்பாலும் சுழற்சி ஷிஃப்ட், ராத்திரி வேலையும் வரும். விண்ணப்பிக்கும் முன் அதை மட்டும் வீட்டில் பேசிவிடுங்கள்.