ஷஃபிள்பாட்டம் எந்த ஊர்? கேள்வி பதில்

கேள்வி: ஷஃபிள்பாட்டம் என்று ஆங்கிலேயர்களிடம் ஒரு குடும்பப்பெயர் உண்டாமே. கேலிக்கு வைத்த பட்டப்பெயரா ஐயா?

பதில்: இல்லை, சுத்தமான ஊர்ப்பெயர். வட இங்கிலாந்தில், முன்பு லங்காஷயரில் இருந்த பெரி நகரத்தை ஒட்டி ஷிப்பர்பாட்டம் என்றோர் இடம் உண்டு. அதன் பழைய உருவில் செம்மறி, ஊற்று, பள்ளத்தாக்கின் அடிநிலம் என்று மூன்று பழைய ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. செம்மறிகள் வந்து நீர் குடித்த ஊற்றுப் பள்ளம்! 13-ஆம் நூற்றாண்டு நீதிமன்றச் சுருள்களிலேயே அந்த ஊரார் 'டி' சேர்த்து, இன்ன ஊர்க்காரர் என்று பதிவாகியிருக்கிறார்கள்.

கேள்வி: 'பாட்டம்' என்றால் பின்புறம் அல்லவா?

பதில்: அந்தப் பொருள் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. பெயர் அதற்கு 500 வருடம் மூத்தது. அந்தக் குடும்பத்தாரைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்கு மனசு பொறுக்காது.

கேள்வி: செம்மறி எப்படி ஷஃபிள் ஆனது?

பதில்: எழுத்தறியாதவர் வாயால் பெயரைச் சொல்வார், பாதிரியாரோ எழுத்தரோ காதில் விழுந்தபடி எழுதுவார். ஊரை விட்டுப் போன குடும்பத்துக்கு இரண்டு தலைமுறையில் ஊற்றே மறந்துவிடும். பிறகு தெரிந்த சொல் ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். ஷிப்லி, ஸ்கிப்டன் ஊர்களும் இப்படித்தான்: கப்பலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை, அங்கேயும் செம்மறிதான்.

கேள்வி: கிரிக்கெட் வீரர் ரயன் சைட்பாட்டம்?

பதில்: 2010 டி20 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணிக்காரர்தானே. 'சைட்' இங்கே பக்கம் அல்ல, 'அகன்ற' என்ற பழஞ்சொல். அகன்ற பள்ளத்தாக்கு. 1946 முதல் 1962 வரை இங்கிலாந்து கால்பந்து அணியை நடத்திய வால்டர் வின்டர்பாட்டத்தின் பெயரோ குளிர்கால மேய்ச்சல் பள்ளம்.

கேள்வி: என் மருமகன் வீட்டார் ஷஃபிள்போத்தம் என்று எழுதுகிறார்கள். வேறு குடும்பமா?

பதில்: எழுத்தை வைத்துப் பிரிக்காதீர்கள் அம்மா. போத்தமும் பாட்டமும் ஒரே சொல்தான். தேவாலயப் பதிவேடுகள் 1538-இல் தொடங்கின. பெரி பக்கத்துப் பதிவேடுகளில் தேடும்போது எழுத்தைப் பார்க்காமல், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.