மரப் பரணுக்கு ஹார்னஸ்: எதை வாங்குவது, எங்கே கட்டுவது

கேள்வி: மிச்சிகனில் நோவையில் இருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் இந்த நவம்பரில் மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார். வடக்கே அவருடைய சொந்த நிலத்தில், 18 அடி உயரத்தில் ட்ரீ ஸ்டாண்ட், அதாவது மரத்தில் உட்காரும் பரண், கட்டி வைத்திருக்கிறார். ஹார்னஸ் (விழுந்தால் தாங்க உடம்பில் மாட்டும் வார்க்கட்டு) போடாமல் ஏற விடமாட்டேன் என்கிறார். கடையில் 40 டாலருக்கும் இருக்கிறது, 200 டாலருக்கும் இருக்கிறது. ஸ்டாண்ட் வாங்கியபோது பெட்டியோடு சும்மா வந்த ஒன்று பிரிக்காமல் கிடக்கிறது, அதையே போட்டுக்கொள் என்றும் சொல்கிறார். என் எடை 94 கிலோ. எங்கள் தாத்தா பனையேறி. காலில் தளைநார் மட்டும்தான், ஆயுசு முழுக்க ஏறினார். எனக்கு இதெல்லாம் தேவையா? தேவையென்றால் எதை வாங்கலாம்?

பதில்: தாத்தாவிலிருந்தே தொடங்குவோம். பனையேறி மரத்தில் இருக்கும் நேரம் முழுக்க அவர் கையும் காலும் வேலையில் இருக்கின்றன. பாளையைச் சீவினார், கலயத்தைக் கட்டினார், இறங்கினார். அப்படியும் விழுந்து இடுப்பொடிந்து கிடந்தவர்கள் பனங்காட்டு ஊர்களில் எல்லாம் உண்டு. நாம்தான் அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. நீங்கள் போவது வேறு வேலைக்கு. விடியுமுன் இருட்டில் ஏறி, ஒரு நாற்காலி அளவே உள்ள பரணில், நவம்பர் குளிரில், மூன்று நான்கு மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்காரப் போகிறீர்கள். தினைப்புனத்துப் பரண் மாதிரி கவண் வீசிக் கூச்சல் போட முடியாது. கண் சொக்கும், கால் மரத்துப்போகும். இறங்கும்போது ஏணியைத் தேடிப் போவது அந்த மரத்துப்போன கால்தான். ஆகவே தேவை.

பெட்டியோடு வந்ததைக் குப்பை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ட்ரீ ஸ்டாண்ட் தயாரிப்பாளர்களுக்கு டி.எம்.ஏ. என்ற சங்கம் இருக்கிறது. அதன் உறுப்பினர் கம்பெனிகள் ஸ்டாண்டோடு முழு உடல் ஹார்னஸையும் சேர்த்தே கொடுக்கின்றன. விழுந்தால் தாங்கும். அதன் குறை வேறு. எல்லா வாரும் ஒரே கறுப்பு, பஞ்சு வைத்த பட்டை கிடையாது, கையில் எடுத்தால் சிக்குப்பிடித்த நூல்கண்டு. காலை 5 மணிக்குக் காரின் டிக்கி வெளிச்சத்தில் அதைப் பிரித்து, இது தோளா காலா என்று பார்ப்பதற்குள் வெறுத்துப்போய் காரிலேயே போட்டுவிட்டு நடப்பவர்கள் நிறைய. காரில் கிடக்கும் ஹார்னஸ் யாரையும் பிடிக்காது. 80 முதல் 120 டாலர் வரை கொடுத்தால் கிடைப்பது இந்த வசதிதான்: சட்டை மாதிரி மாட்டலாம், கால்வார் தனியாகத் தெரியும், பக்கிள் ஒரே சொடுக்கில் விழும். 150-க்கு மேல் கொடுப்பது பெரும்பாலும் பைகளுக்கும் இலைதழை அச்சிட்ட துணிக்கும். என் கணக்கில் வீண்.

முதலில் லேபிளைப் படியுங்கள். பொருள்களுக்குத் தரம் வகுக்கும் ஏ.எஸ்.டி.எம். அமைப்பின் எஃப்2337 என்ற சோதனை எண்ணோ டி.எம்.ஏ. முத்திரையோ இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் "மரம் ஏற, பாறை ஏற, கட்டட வேலைக்கு, வேட்டைக்கு" என்று சகலத்துக்கும் ஆகும் பெல்ட்டாக ஆன்லைனில் 25 டாலருக்கு வருவதைத் தொடாதீர்கள். அப்படி வருபவற்றில் பலவும் இடுப்புக்குக் கீழே மட்டும்தான் பிடிக்கும். தலைகீழாகக் கவிழ்ந்தால் நழுவிவிடலாம்.

அடுத்து எடை. பெரும்பாலான ஹார்னஸுக்கு மேல் வரம்பு 300 பவுண்டு. உங்கள் 94 கிலோ 207 பவுண்டு. பூட்ஸ், கனமான கோட்டு, பை, துப்பாக்கி எல்லாம் சேர்த்து 240 என்றே வையுங்கள். பிரச்சினை இல்லை.

அளவில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஆகஸ்டில் தள்ளுபடி பார்த்து, ஒரு பெரிய கடையில் டீ-சர்ட்டோடு போட்டுப் பார்த்து வாங்கினேன். நவம்பரில் பனிக்கோட்டுக்கு மேல் மாட்டினால் மார்பு பக்கிள் நான்கு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது. திருப்பிக் கொடுக்கும் நாளும் தாண்டிவிட்டது. கடைக்குப் போகும்போது வேட்டைக்குப் போடப்போகும் கோட்டையே போட்டுக்கொண்டு போங்கள், கோடையில் நாலு பேர் சிரித்தாலும் பரவாயில்லை. கால்வாரை இறுக்கியபின் தொடைக்கும் வாருக்கும் நடுவே விரித்த கை நுழையலாம், மடக்கிய முஷ்டி நுழையக் கூடாது.

இப்போது உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் ஹார்னஸை விட முக்கியமான சமாசாரம். மறுமுனை எங்கே கட்டியிருக்கிறது? ஹார்னஸின் முதுகில், பிடரிக்குக் கீழே, டெதர் என்ற பட்டை இருக்கும். அதை மரத்தில் தலைக்கு மேலே கட்ட வேண்டும். உட்கார்ந்தபின் அது தொங்கலாக இருந்தால் தவறு, ஏறக்குறைய விறைப்பாக நிற்க வேண்டும். அப்படி இருந்தால் வழுக்கினாலும் பரணின் விளிம்பிலேயே நின்றுவிடுவீர்கள், காலை எட்டி வைத்து மறுபடி ஏறலாம். இரண்டு மூன்று அடி தொங்கல் விட்டிருந்தால் பரணுக்குக் கீழே போய்த் தொங்குவீர்கள். அங்கிருந்து சொந்தக் கை பலத்தில் மேலே வருவது 20 வயதுப் பையனுக்கே கஷ்டம்.

ஆனால் உட்கார்ந்திருக்கும்போது விழுபவர்கள் குறைவு. ஏறும்போது, இறங்கும்போது, ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும்போதுதான் விழுகிறார்கள். அந்த நேரத்தில் டெதர் எதிலும் மாட்டியிருக்காது, மேலே போய்த்தானே மாட்டப் போகிறீர்கள்! இதற்குத்தான் லைஃப்லைன். சுமார் 30 அடிக் கயிறு, மேல்முனை பரணுக்கு மேலே மரத்தில், கீழ்முனை மரத்தடியில். நடுவில் ப்ருசிக் முடிச்சு. ஆஸ்திரிய மலையேறி கார்ல் ப்ருசிக் 1931-இல் எழுதிப் பரப்பியதால் அந்தப் பெயர். கையால் தள்ளினால் நழுவும், எடை விழுந்தால் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். தரையில் நிற்கும்போதே டெதரை அதில் மாட்டிவிட்டு, ஏற ஏற முடிச்சைத் தலைக்கு மேலே தள்ளிக்கொண்டே போகலாம். திரும்பத் தரைக்கு வந்து கால் பதிந்தபின்தான் கழற்ற வேண்டும். விலை 30, 40 டாலர். 150 டாலர் ஹார்னஸ் மட்டும் வாங்குவதை விட, 90 டாலர் ஹார்னஸும் ஒரு லைஃப்லைனும் வாங்குவதே என் சிபாரிசு. நண்பரின் பரணில் ஏற்கெனவே கட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள். கட்டியிருந்தால் எத்தனை பருவம் வெயிலில் கிடந்தது என்றும் கேளுங்கள்.

மரத்தையும் பாருங்கள். ஆஷ் மரத்தைத் துளைத்துக் கொல்லும் எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு 2002-இல் டெட்ராய்ட் பகுதியில்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அன்றிலிருந்து மிச்சிகனில் ஆஷ் மரங்கள் கோடிக்கணக்கில் பட்டுப்போயின. நின்றுகொண்டே செத்த மரம் வெளியே உறுதியாகத்தான் தெரியும். நண்பரின் பரண் ஆஷ் மரத்தில் இருந்தால் ஏறாதீர்கள். அங்கே எந்த ஹார்னஸும் உதவாது, மரமே உங்களோடு வரும்.

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறக் கூடாது. தோட்டா இல்லாமல் தனிக் கயிற்றில் கட்டிவைத்து, மேலே போனபின் இழுத்துக்கொள்ளுங்கள். மிச்சிகனில் 1960 ஜனவரி 1-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சி வகுப்பு கட்டாயம். அதை முடிக்காதவர் அப்ரெண்டிஸ் லைசன்ஸ் எடுத்து, அனுபவமுள்ளவர் கூட இருக்க வேட்டையாடலாம். துப்பாக்கிப் பருவம் நவம்பர் 15-இல் தொடங்குகிறது. வடக்கே அன்றைக்குப் பல பள்ளிகளுக்கே விடுமுறை, நம்மூர் ஆடிப்பெருக்கு மாதிரி. முந்தின வாரம் கடையில் உங்கள் அளவு கிடைக்காது. அக்டோபருக்குள் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: டெக்சஸில் கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கம்பெனி கொடுத்த தரமான ஹார்னஸும், அதை மேலே கட்டும் ஆறடி இணைப்புப் பட்டையான லேன்யார்டும் இருக்கின்றன. 15 அடிப் பரணுக்கு அதையே போட்டுக்கொண்டு போனால் என்ன?

பதில்: ஹார்னஸ் தாங்கும். உதைப்பது லேன்யார்ட். கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதுகு வளையத்தின் உயரத்திலேயே மரத்தில் கட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விழுந்தால் முதலில் ஆறடி சும்மா போகும். பிறகு பட்டையில் தைத்திருக்கும் அதிர்ச்சி தாங்கும் மடிப்பு கிழிந்து நீளும், அது மூன்றரை அடி வரை. மொத்தம் ஒன்பதரை அடி. 15 அடிப் பரணிலிருந்து விழுந்தவர் தரைக்கு ஐந்தரை அடி மேலே, வழியில் உள்ள படியிலும் கிளையிலும் மோதியபின் தொங்குவார். மரத்தில் இன்னும் கீழே, இடுப்பு மட்டத்தில் கட்டியிருந்தால் எவ்வளவு கீழே கட்டினீர்களோ அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். கூரை விளிம்பில் நடமாட வேண்டியவருக்கு ஆறடி தேவை. பரணில் உட்காருபவருக்கு ஓரடித் தொங்கல் கூட அதிகம்.

தவிர, அந்த ஹார்னஸ் கம்பெனியின் சோதனைப் பட்டியலில் இருக்கும். காட்டில் ஒரு தடவை விழுந்து அதிர்ந்ததை நீங்கள் சொல்லாமல் திருப்பி வைத்தால், திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு ஏறுபவர் வேறொருவர். சொந்தமாக ஒன்று வாங்கிவிடுங்கள். இரும்பு வளையங்களின் கிணுகிணு சத்தத்துக்கே மான் ஓடிவிடும் என்பது வேறு.

கேள்வி: பென்சில்வேனியாவில் ஒரு கராஜ் சேலில் இரண்டு ஹார்னஸ் பார்த்தேன். ஒன்று இடுப்பு பெல்ட் மாதிரி. மற்றது முழு உடல், 2011 என்று போட்டிருக்கிறது, கவர் கூடப் பிரிக்கவில்லை. இரண்டும் சேர்த்து 15 டாலர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், இரண்டுமே.

இடுப்பு பெல்ட்டைப் பற்றி: வேலையிடங்களில் விழுபவரைப் பிடிக்க இடுப்பு பெல்ட் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1998 ஜனவரி 1 முதல் விலக்கிவிட்டது. விழும் வேகம் முழுவதும் வயிற்றில் இறங்கும். நழுவி மார்புக்கு ஏறினால் மூச்சை அடைக்கும். சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

2011-ஐப் பற்றி: கவர் பிரிக்காவிட்டாலும் நைலானுக்கு வயது ஏறும். பல கம்பெனிகள் ஐந்து வருஷம் என்றே லேபிளில் அச்சிடுகின்றன. கராஜின் சூடு, பெட்ரோல் வாடை, எலிப்பல் எதுவும் வெளியே தெரியாது. கம்பெனி திரும்பப் பெற்ற மாடலா என்பதையும் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமான சி.பி.எஸ்.சி. தளத்தில் பார்க்கலாம். திரும்பப் பெற்ற பொருளை விற்பது 2008 சட்டப்படி குற்றம், பழைய சாமான் கடைக்கும் அது பொருந்தும். உங்கள் வீட்டிலேயே காலாவதியான ஹார்னஸ் இருந்தால் முழுசாகக் குப்பையில் போடாதீர்கள். கத்தரியால் வார்களை வெட்டிவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் தனியாகத்தான் காட்டுக்குப் போகிறார். ஹார்னஸ் இருக்கிறது, பயப்படாதே என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. என்ன கேட்க வேண்டும் அவரிடம்?

பதில்: விழுந்து தொங்கினால் எப்படி இறங்குவீர்கள் என்று கேளுங்கள் அம்மா. பலருக்குப் பதில் தெரியாது. கால்வார் தொடையை நெரிக்க, ரத்தம் காலில் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். இதற்காக ஹார்னஸோடு ஒரு சின்ன வளையப் பட்டை வரும். அதில் காலை வைத்து எழுந்து நின்றால் நெரிப்பு விலகும். பெரும்பாலும் அது பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. பெட்டியைத் தேடிப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புற மரத்தில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், நீங்கள் பக்கத்தில் நிற்க அவரைத் தொங்கச் சொல்லுங்கள். எந்த வார் கடிக்கிறது, வளையப் பட்டை கைக்கு எட்டுகிறதா, போனை எடுக்க முடிகிறதா எல்லாம் தெரிந்துவிடும். போன் முதுகுப் பையில் இருந்தால் பயனில்லை, மார்புப் பையில் இருக்க வேண்டும். எந்த மரம், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போகட்டும்.

கேள்வி: 14 வயது மகன், 45 கிலோ. என்னுடைய பழைய ஹார்னஸை இறுக்கிக் கட்டினால் போதுமா?

பதில்: போதாது. 45 கிலோ என்றால் 99 பவுண்டு. பெரியவர்களுக்கான ஹார்னஸில் கீழ் வரம்பும் உண்டு, பலவற்றில் அது 120, 130 பவுண்டு. அதற்குக் கீழே எடை இருந்தால் டெதரில் உள்ள அதிர்ச்சி மடிப்பு சரியாகக் கிழியாது, அடி முழுவதும் பையன் உடம்பில் இறங்கும். தோள்வாரும் நழுவும். 50 முதல் 120 பவுண்டு என்று போட்ட சிறுவர் ஹார்னஸ் தனியாக விற்கிறார்கள். வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்க இது பள்ளிக்கூட யூனிஃபார்ம் அல்ல.