மூன்றரை மணி நேரம், ஓர் உதை

கேள்வி: ‘குட்ஃபெல்லாஸ்’ படத்தை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. அதே இயக்குநர் ஸ்கோர்செஸியின் ‘தி ஐரிஷ்மேன்’ மட்டும் ஏன் இப்படி இழுக்கிறது? 209 நிமிடம் தேவைதானா?

பதில்: நீளத்தின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. ‘கேஸினோ’வும் 178 நிமிடம், ஆனாலும் அது பறக்கும். மூன்றுக்கும் படத்தொகுப்பு தெல்மா ஸ்கூன்மேக்கர்தான், எனவே கை மழுங்கிவிட்டது என்றும் சொல்ல முடியாது. வித்தியாசம் நாயகனிடம் இருக்கிறது. ‘குட்ஃபெல்லாஸ்’ ஹென்றி ஹில்லுக்கு சின்ன வயதிலிருந்தே தாதாவாக ஆசை. அந்த ஆசைதான் படத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது. ‘தி ஐரிஷ்மேன்’ நாயகன் ஃபிராங்க் ஷீரனுக்கு அப்படி எதுவும் இல்லை. சொன்னதைச் செய்கிற லாரி டிரைவர் அவர். முதலில் இறைச்சி கொண்டுபோகிறார், பிறகு துப்பாக்கி, கடைசியில் செய்தி.

இதில் காலம் வேறு மூன்று அடுக்கு: முதியோர் இல்லம், 1975ஆம் வருடத்துக் கார் பயணம், அதற்கு முந்தைய இருபது வருடக் கதை. அந்தக் கார் உண்மையில் எதற்காகப் போகிறது என்பது பிடிபடவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. புது தாதா ஒருவர் வந்தால், அவர் எந்த வருடம் எப்படிச் செத்தார் என்று திரையில் எழுத்து போடுகிறார்கள். நல்ல நையாண்டிதான், ஆனால் ‘இவன் என்ன ஆவான்?’ என்ற பதைப்பு அங்கேயே அவுட். மெதுவாகப் போவது இயக்குநரின் தேர்வு என்பதை ஏற்கலாம். முதல் பாதி அதற்கு ஈடுகொடுக்கவில்லை என்பதே நம் குறை.

கேள்வி: ஷீரனாக நடிக்கும் டி நீரோவின் முகம் இளமையாக இருக்கிறது. ஆனால் ஆள் கிழவராகவே தெரிகிறாரே?

பதில்: ஏனென்றால் மாற்றியது முகத்தை மட்டும். முக அசைவைக் கணினிக்குப் பதிய முகத்தில் புள்ளிகள் ஒட்டி, ஹெல்மெட் மாட்டி நடிக்க நடிகர்கள் விரும்பவில்லை. அதனால் நடுவில் வழக்கமான காமிரா, இரு பக்கமும் அகச்சிவப்பு ஒளியைப் பதியும் காமிரா என மூன்றையும் ஒன்றாகப் பூட்டி எடுத்தார்கள். அந்தப் பதிவுகளிலிருந்து ஐஎல்எம் என்ற விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனம் கணினியில் இளம் முகத்தை உருவாக்கியது. தோள், இடுப்பு, முழங்கால் எல்லாம் எழுபது வயதைத் தாண்டியவருடையவை. நடையையும் நிற்பதையும் திருத்த செட்டில் தனியாக ஆள் இருந்தும் முழுதாக மறைக்க முடியவில்லை.

அது அப்பட்டமாகத் தெரியும் இடம், மகளைத் தள்ளிவிட்ட மளிகைக் கடைக்காரரைத் தெருவில் போட்டு மிதிக்கும் காட்சி. உதைக்கும்போது இடுப்பு திரும்பவேண்டும், உடம்பின் எடை காலில் இறங்கவேண்டும். இரண்டும் இல்லை. சின்னச் சின்ன ஷாட்டாக வெட்டி, தூரத்து ஷாட்டுக்கு இளம் டூப் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். காமிராவோ தள்ளி நின்று முழு உடம்பையும் காட்டுகிறது. இத்தனை பெரிய இயக்குநர் இதை எப்படி ஓகே செய்தார்?

கேள்வி: ஷீரனின் வளர்ந்த மகளாக வரும் அன்னா பாக்வினுக்கு வசனமே இல்லையே?

பதில்: விரல் விட்டு எண்ணிவிடலாம். தொழிற்சங்கத் தலைவர் ஹோஃபா காணாமல் போனபின், அவர் மனைவி ஜோவுக்கு ஏன் இன்னும் ஃபோன் செய்யவில்லை என்று அப்பாவைக் கேட்கிறாரே, அந்த ஒரு கேள்விக்காகத்தான் அத்தனை மௌனமும். அங்கே வேலை செய்கிறது. அதற்கு முன் முறைத்துப் பார்ப்பது மட்டுமே வேலை என்பது எழுத்தின் சோம்பல்.

கேள்வி: ஹோஃபாவைக் கொன்றது ஷீரன்தானா?

பதில்: அது ஷீரன் சொன்னது, அவர் இறந்தபின் 2004இல் சார்ல்ஸ் பிராண்ட் எழுதிய புத்தகத்தில் வந்தது. ஹோஃபா 1975 ஜூலை 30 அன்று டெட்ராய்ட் அருகே ஓர் உணவகத்துக்குப் போனவர். உடல் கிடைக்கவில்லை, கொலைக்காக யார் மீதும் வழக்கு இல்லை. ஷீரனின் வாக்குமூலத்தை நம்பாத பத்திரிகையாளர்கள் பலர்.

கேள்வி: பாதியில் நிறுத்திவிட்டேன். மறுபடி முயலலாமா?

பதில்: முயலுங்கள். நான்கு எபிசோடாக நறுக்க வேண்டாம். ஷீரனுக்குப் பாராட்டு விருந்து நடக்கும் இடம் வரை ஒரு நாள், அங்கிருந்து கடைசி வரை இன்னொரு நாள். விமானம், மீன் வாடை அடிக்கும் கார், அது என்ன மீன் என்ற வெட்டிப் பேச்சு, அந்த வீடு, பிறகு ஜோவுக்குப் போகும் ஃபோன்: இவ்வளவையும் இடைவெளி இல்லாமல் பார்க்கவேண்டும். தாதா ரஸ்ஸலாக வரும் ஜோ பெஷி குரலே உயர்த்தாமல் மிரட்டுவதும் இந்தப் பகுதியில்தான். பார்க்குமுன் டிவியில் ‘மோஷன் ஸ்மூத்திங்’ (அசைவை வழுவழுப்பாக்கும்) வசதியை அணைத்துவிடுங்கள். அது ஓடினால் அந்த இளம் முகங்கள் இன்னும் பிளாஸ்டிக்காகத் தெரியும்.