வளர்ப்பு முயலுக்கு வலியோ அடியோ இருந்தால் எப்படித் தெரிந்துகொள்வது?

முயல் முனகிக்கொண்டு உங்களிடம் வராது. நரிக்கும் கழுகுக்கும் இரையாகிற பிராணி என்பதால் வலியை மறைப்பது அதன் பிறவிக்குணம். கீச்சென்று அலறினால் அது உயிர்பயம் அல்லது தாங்க முடியாத வலி.

காலையில் கூண்டைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது புழுக்கையைத்தான். நன்றாக இருக்கிற முயலின் புழுக்கை உருண்டையாக, ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். பிட்டுப் பார்த்தால் உள்ளே புல் நார் தெரியும். அது சிறுத்து, கருத்து, குறைந்துபோனால் விஷயம் இருக்கிறது. வலி வந்தால் முயல் தின்னாது. தின்னாவிட்டால் குடல் ஓட்டம் மந்தமாகி, வாயு சேர்ந்து, வலி இன்னும் கூடும். வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. 12 மணி நேரமாகத் தீனியும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் 'விடியட்டும் பார்க்கலாம்' என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள்.

முகத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். கிட்டே போனால் உறைந்துபோய் நடிக்கும். முயலின் முகத்தில் வலியை அளக்க 2012-இல் ஆய்வாளர்கள் ஓர் அளவுகோலே வெளியிட்டார்கள். அதில் பார்ப்பவை ஐந்து: பாதி மூடிய கண், ஒட்டிய கன்னம், கூர்மையாக இழுத்துக்கொண்ட மூக்கு, விறைத்த மீசை, முதுகோடு ஒட்டி மடிந்த காது. தடவிக் கொடுக்கும்போது பல்லை மெதுவாக உரசினால் அது சந்தோஷம். மூலையில் குறுகி உட்கார்ந்து சத்தமாக நறநறவென்று கடித்தால் வலி. வயிற்றைத் தரையில் அழுத்தி அழுத்திப் படுப்பதும் அப்படித்தான்.

தாடை ஈரமாக இருந்தால் அதன் பல்லை மருத்துவரிடம் காட்டுங்கள். கம்பிவலைத் தரையில் வளர்ப்பவர்கள் பின்னங்கால் அடியைத் திருப்பிப் பாருங்கள், முடி உதிர்ந்து சிவந்திருக்கலாம். காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. பின்பக்கத்தைத் தாங்காமல் தூக்கினால் அது திமிறி உதைக்கிற வேகத்திலேயே முதுகெலும்பு முறியலாம். பின்னங்காலை இழுத்து நடந்தால், இடுப்பை அசைக்காமல் தட்டையான பெட்டியில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

வீட்டிலிருக்கும் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். நமக்குச் சாதாரணமான அமாக்ஸிசிலின், வாய்வழி போனால் முயலின் குடலைக் கெடுத்துக் கொன்றே விடும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் முயல் பார்ப்பதில்லை. முதலில் போன் செய்து கேளுங்கள். போகும்போது அன்றைய புழுக்கையை ஒரு கவரில் எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் கொஞ்சம் காய்ந்த புல்லும் போடுங்கள். வெறும் வயிற்றோடு கூட்டிப்போகத் தேவையே இல்லை.