டெய்லிங்ஸ் சோதனை: கேட்டீர்கள், சொல்கிறேன்

தாதுவை அரைத்து, வேண்டியதை எடுத்த பின் சுரங்க ஆலை சேறாக வெளியே விடுவதுதான் டெய்லிங்ஸ். அதை அணை கட்டித் தேக்கி வைப்பார்கள். வேலூர் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் என்னிடம் வந்த கேள்விகளில் சில.

குடியாத்தம் மாணவர்: சார், டெய்லிங்ஸை டைரக்ட் ஷியரில் (பெட்டியில் வைத்துப் பக்கவாட்டில் தள்ளி வலு பார்க்கும் சோதனை) பார்த்தேன், உராய்வுக் கோணம் (துகள்கள் ஒன்றையொன்று பிடிக்கும் வலுவின் அளவு) 35 டிகிரி வந்தது. அப்புறம் ஏன் அணை உடைகிறது?

தம்பி, 35 வரும். பாலாற்று மணல் மாதிரி உருண்டு தேய்ந்ததில்லை. அரைபட்டது, விளிம்பெல்லாம் கூர். ஆனால் தண்ணீர் வெளியேற நேரம் இருந்தால்தான் அந்த வலு. தளர்வாகப் படிந்து ஊறிக் கிடப்பதை வெட்டினால், அதாவது ஒரு பகுதி மேல் இன்னொன்று நழுவும்படி அழுத்தினால், அது சுருங்கப் பார்க்கும். தண்ணீர் போக வழியில்லை. துளைநீர் அழுத்தம், அதாவது துகள்களுக்கு இடையே உள்ள நீரின் அழுத்தம், ஏறும். துகள்களின் பிடி விட்டுப்போய் குழம்பாக ஓடும். 2019 ஜனவரி 25-ல் பிரேசிலின் புருமாதின்யோவில் இப்படித்தான் அணை சரிந்து 270 பேர் இறந்தார்கள். நிலநடுக்கம்கூட இல்லை.

ஆகவே டிரையாக்சியலுக்குப் போங்கள்; உருளை சாம்பிளைச் சுற்றிலும் நீரழுத்தம் கொடுத்து, மேலிருந்து அழுத்தி வலு பார்க்கும் சோதனை அது. லேசாக ஈரமாக்கி, அடுக்கடுக்காக மெதுவாக இடித்து சாம்பிளைத் தளர்வாகவே செய்யுங்கள். பி மதிப்பு (சாம்பிள் முழுக்க நீரால் நிறைந்ததா என்று காட்டும் எண்) 0.95-ஐத் தொட்ட பிறகு கன்சாலிடேட் செய்து (அழுத்தி நீரை வடியவிட்டு), வடிகால் வால்வை மூடி வெட்டுங்கள். தண்ணீர் ஏற்றும்போதே சாம்பிள் அமுங்கிவிடும். முதலில் அளந்த உயரத்தை நம்பி வெற்றிட விகிதம் (திடத் துகளுக்கு எத்தனை பங்கு இடைவெளி) போட்டால் கணக்கு பொய். சோதனை முடிந்ததும் வால்வைத் திறக்காமல் அப்படியே ஃப்ரீசரில் உறையவைத்து, எடுத்து ஈரப்பதம் பாருங்கள்; அதிலிருந்து சரியான வெற்றிட விகிதம் கிடைக்கும். சலிப்பான வேலைதான், ஆனால் முடிவே அந்த எண்ணில்தான் நிற்கிறது.

காட்பாடியிலிருந்து ஒருவர்: நுண்துகள் அளவு பார்க்க நீரில் கலக்கிப் படியவிடும் ஹைட்ரோமீட்டர் ஜாடி சீக்கிரமே தெளிந்துவிடுகிறதே?

ஆலைத் தண்ணீரின் உப்பு துகள்களைக் கட்டியாக்குகிறது. கழுவிவிட்டு, துகள்களைப் பிரித்து வைக்கும் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் சேருங்கள். ஒப்படர்த்தியை (துகள் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பதை) 2.65 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத வேண்டாம். இரும்புத் தாதுக் கழிவில் 3-ஐத் தாண்டும். குளத்தில் எப்படிப் படியும் என்று அறிய மட்டும், ஆலைத் தண்ணீரிலேயே தனியாக ஒரு படிவுச் சோதனை.

பேர்ணாம்பட்டு மேஸ்திரி: அண்ணே, கோலார் தங்கவயல் சயனைடு மேட்டு மண்ணை (தங்கம் பிரித்த பின் கொட்டிய கழிவை) வீட்டு அஸ்திவாரத்தில் நிரப்பலாமா?

வேண்டாம். சுரங்கம் 2001-ல் மூடிவிட்டது, மேடு அப்படியேதான் நிற்கிறது. எங்கள் கூடத்தில் வலு தெரியும், நஞ்சு தெரியாது. அதற்கு ரசாயனச் சோதனை வேறு. ராணிப்பேட்டை குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள்.

ஆம்பூர் மாணவி: ஈரப்பதம் பார்க்க சாம்பிளை உலர்த்த ஓவன் 105 டிகிரி போதுமா?

போதும். ஜிப்சம் இருந்தால் மட்டும் 60. இல்லையென்றால் ஜிப்சம் படிகத்துக்குள் கட்டுண்ட நீரும் ஆவியாகி ஈரப்பதம் கூடக் காட்டும்.